கண் டெஸ்ட் எடுத்தாயா, கயல்?

வலங்கைமான்
22.2.2026

அன்பு மகள் கயலுக்கு அப்பா எழுதுவது. இங்கு நான், உங்கம்மா, கிடேரிக் கன்று எல்லோரும் சுகம். அங்கு உன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் அறிய ஆவல்.

நீ ஹாஸ்டலில் இருந்தபோது எழுதியதுதான் கடைசிக் கடுதாசி. இப்போது எழுதக் காரணம், போனில் பேசினால் உங்கம்மா பக்கத்திலேயே நின்றுகொண்டு ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். வாட்ஸப்பில் நான் எதை அனுப்பினாலும் உன்னிடமிருந்து ஒரு கட்டைவிரல் வருகிறது. ஜனவரி 30-க்குப் பிறகு உன் குரலைக் கேட்கவில்லை. இன்றோடு 23 நாள். உனக்கு வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா? குறையாகச் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் மருந்து ஸ்டாக் ரிஜிஸ்டர் எழுதின கம்பவுண்டர் கை, கணக்கு தானாக ஓடுகிறது.

முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். இந்த வருஷம் கண் டெஸ்ட் எடுத்தாயா? உன் லூபஸுக்கு, உடம்பின் காவலே உடம்பைத் தாக்குகிற இந்த நோய்க்கு, எச்.சி.க்யூ. என்கிற ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை ஆரம்பித்தது 2014 செப்டம்பர். ஐந்து வருஷம் தாண்டினால் வருஷா வருஷம் விழித்திரையைப் பார்க்க வேண்டும். உனக்குப் பன்னிரண்டாவது வருஷம் நடக்கிறது. கண்ணாடிக் கடையில் எழுத்து வாசித்துவிட்டு வருவது கணக்கில் சேராது. விழித்திரையைப் படமெடுக்கிற ஓ.சி.டி. ஸ்கேன், பார்வைப் பரப்பைப் பார்க்கிற ஃபீல்டு டெஸ்ட் இரண்டும் வேண்டும். எடையும் பார்த்துக்கொள். ஒரு கிலோ எடைக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் அந்த மாத்திரை போகக்கூடாது. பொங்கலுக்கு வந்தபோது இளைத்துத் தெரிந்தாய். உங்கம்மா சுடிதார் அப்படிக் காட்டுகிறது என்கிறாள்.

ஊரில் சம்பா அறுத்தாகிவிட்டது. பொன்மணி மோசமில்லை. கொள்முதல் நிலையத்தில் ஒன்பது நாள் மூட்டையோடு கிடந்தேன், ஈரப்பதம் 17-க்கு மேல் என்று திருப்பி, காயவைத்து, மறுபடி கொண்டுபோய். தெளித்த உளுந்து முளைத்திருக்கிறது. மேட்டூரை மூடிவிட்டார்கள், குடமுருட்டியில் இப்போது மணல்தான். குத்தாலம் சித்தி மகனுக்கு நிச்சயம் ஆகியிருக்கிறது, உனக்குப் பத்திரிகை வரும். வெயில் நேரத்து மண்டபம், நீ வரவேண்டாம். நான் சொல்லிக்கொள்கிறேன்.

வெயில் என்றதும் ஞாபகம் வருகிறது. குடையை வண்டியிலேயே விட்டுவிட்டு ஆபீசுக்குள் போகிறாய் என்று மாப்பிள்ளை அன்றைக்குச் சிரித்துக்கொண்டு சொன்னார். அது சிரிக்கிற விஷயம் இல்லை. பார்க்கிங்கிலிருந்து வாசல் வரைக்கும் உள்ள தூரமும் வெயில்தான். நாம் பட்டது போதாதா? அந்த ஆவணி மாதம் சித்தி பேச்சைக் கேட்டு உங்கம்மா உன்னைச் சூரியனார் கோவிலுக்கு ஞாயிறுதோறும் கூட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு ஞாயிறும் நீ கன்னம் சிவந்து திரும்பினாய். சூரியனால் வந்த வினைக்குச் சூரியனிடமே போய் நடுப்பகலில் நின்றோம். மருந்து படித்தவன் நான், வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு முன்னால் எட்டு மாதம் உன் விரல் வலிக்கு டைக்ளோஃபினாக் எடுத்துக் கொடுத்தவனும் நான்தானே. அந்த எட்டு மாதத்தைக்கூட விடு.

நான் இப்போது நிறையப் படிக்கிறேன். பிரின்ட் எடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. உங்கம்மா, பரீட்சைக்கா என்று கேட்கிறாள்.

உன் நோய்க்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் ஸ்டீராய்டும் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1955. அதற்கு அடுத்த புது மருந்து 2011 மார்ச்சில் வந்தது. இடையில் 56 வருஷம். நான் பிறந்தது 58-ல். நான் பிறந்து, படித்து, வேலையில் சேர்ந்து, கல்யாணம் கட்டி, உன்னைப் பெற்று, நீ பிளஸ் ஒன் முடிக்கிற வரைக்கும் இந்த நோய்க்கென்று ஒரு மருந்து வரவில்லை. வந்தது பெலிமுமாப். பி செல் என்கிற வெள்ளணு சாகாமல் தாங்கிப்பிடிக்கிற ஒரு புரதம் ரத்தத்தில் ஓடுகிறது. இந்த மருந்து அதைப் பிடித்துக் கட்டிவிடுகிறது. மடையை அடைத்தால் பயிர் மெதுவாக வாடுகிற மாதிரிதான், உடனே ஒன்றும் தெரியாது, மாதக்கணக்கில் பொறுக்க வேண்டும். 2020 டிசம்பரில் சிறுநீரகத்தைத் தாக்குகிற லூபஸுக்கும் அதை அனுமதித்தார்கள். அடுத்த மாதமே வோக்ளோஸ்போரின். அது கேப்சூல், அதில் ஆல்கஹால் சேர்ந்திருக்கிறது, சில நிலையில் இருப்பவர்களுக்கு ஆகாது.

அப்புறம் 2021 ஜூலை கடைசியில் அனிஃப்ரோலுமாப். நான்கு வாரத்துக்கு ஒரு தடவை 300 மில்லிகிராம், நரம்பு வழியாக அரை மணி நேரம். வைரஸ் நுழைந்தால் உடம்பு முழுக்கத் தமுக்கடித்துச் சொல்கிற பொருள் இன்டர்ஃபெரான். லூபஸ்காரர்கள் பலருக்கு எதிரியே வராமல் தமுக்கு நிற்காமல் அடிக்கிறது. இந்த மருந்து அடிக்கிறவனைப் பிடிப்பதில்லை, கேட்கிறவன் காதைப் பொத்துகிறது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. ஆனால் காதைப் பொத்தினால் நிஜமாகவே கிருமி வரும்போதும் கேட்காதே! அதனால் அக்கி வர வாய்ப்புக் கூடுகிறது. வேளார் வீட்டில் காவி குழைத்து எழுதுவோமே, அந்த அக்கிதான். அதற்கு உயிர்க்கிருமி இல்லாத தடுப்பூசி நம் நாட்டிலேயே வந்துவிட்டது. நீ எந்த மருந்தில் இருந்தாலும் டாக்டரிடம் அதைக் கேட்டு வை.

போன அக்டோபரில் ஒபினுடுசுமாபை சிறுநீரக லூபஸுக்கு அனுமதித்தார்கள். அந்த ஆய்வை நான் இரண்டு முறை படித்தேன். வழக்கமான மருந்தோடு இதையும் சேர்த்துக் கொடுத்ததில் 76 வாரம் கழித்து நூற்றுக்கு 46 பேருக்குச் சிறுநீரகம் முழுதாகத் தெளிந்தது. வழக்கமான மருந்து மட்டும் எடுத்தவர்களில் 33. பெரிய முன்னேற்றம் என்று எழுதுகிறார்கள், முன்னேற்றம்தான். எனக்கு என்னவோ மீதி 54 பேர் வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்றே ஓடியது.

ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் கியோர்க் ஷெட் என்கிற டாக்டர் செய்ததைத்தான் உனக்கு டிசம்பரில் அனுப்பினேன், அதற்கும் கட்டைவிரல். நோயாளியின் ரத்தத்திலிருந்தே டி செல் என்கிற இன்னொரு வெள்ளணுவை எடுத்து, பி செல்லை அடையாளம் கண்டு அழிக்கும்படி ஆய்வுக்கூடத்தில் மாற்றி, திரும்ப உடம்புக்குள் விடுகிறார்கள். கார்-டி என்று பெயர். 2021-ல் முதலில் செய்துகொண்டது இருபது வயதுப் பெண். நோய் உன்னைப் பிடித்த அதே வயது. 2024-ல் பதினைந்து பேர் கணக்கு வெளியிட்டார்கள், அதில் லூபஸ் எட்டுப் பேர். எட்டுப் பேருமே எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு நன்றாக இருந்தார்கள். எல்லா மருந்தையும், பாப்பா! பி செல் சில மாதத்தில் திரும்ப முளைக்கிறது, ஆனால் பழைய பகையை மறந்து புதிதாக முளைக்கிறது. புல் மண்டிய வயலை உழுது புரட்டிப் புது நாற்று விட்ட மாதிரி. அந்தப் பக்கத்தைப் படித்த ராத்திரி நான் தூங்கவில்லை.

ஆனால் எட்டுப் பேர் என்பது எட்டுப் பேர்தான். நான் கம்பவுண்டர், எனக்கு எண்ணத் தெரியும். செல்லை உள்ளே விடுவதற்கு முன்னால் பழைய செல்களைக் குறைக்க உனக்குப் போட்ட அந்த சைக்ளோஃபாஸ்ஃபமைடையும் கொடுக்கிறார்கள். நம் நாட்டிலும் 2023 அக்டோபரில் ஐ.ஐ.டி. மும்பையும் டாடா மெமோரியலும் சேர்ந்து உருவாக்கிய கார்-டிக்கு அனுமதி கிடைத்தது. அது ரத்தப் புற்றுநோய்க்கு. லூபஸுக்கும் என்றாவது வரும் என்று வைத்துக்கொண்டுதான் மேலவயல் ஆறு மா நிலத்தையும் யாருக்கும் எழுதிக்கொடுக்காமல் இருக்கிறேன். நிலத்தை விற்று ஊசி வாங்காதீங்கப்பா என்று நீ சொன்னது எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. நிலம் யாருக்கு? எனக்கு அந்த ஆறு மாவும் ஒரு மருந்துச் சீட்டுதான், தேதி போடாமல் வைத்திருக்கிறேன்.

இத்தனையும் எதற்கு எழுதுகிறேன் என்று உனக்குப் புரியும், நீ என் மகள். இந்தப் புது மருந்துகள் எல்லாவற்றிலும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உலகத்துக்கு இன்னும் போதிய அனுபவம் சேரவில்லை. எந்த விஷயம் என்று நான் எழுதமாட்டேன். எழுபது வருஷ மருந்தான உன் எச்.சி.க்யூ.வுக்குத்தான் அந்த விஷயத்தில் நல்ல பெயர். பொதுவாகச் சொல்கிறேன், யாருக்கோ சொல்வதாக வைத்துக்கொள்: எந்த நிலையிலும் அதை நிறுத்தக்கூடாது. அக்கம்பக்கத்தில் யாராவது பெரியவர்கள், இந்த நேரத்தில் எதற்கு மாத்திரை என்று சொன்னாலும் நிறுத்தக்கூடாது. எந்த நேரத்திலும். அதனால்தான் கண் டெஸ்ட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அந்த மாத்திரைக்கு நான் பட்ட பாட்டை நீ மறந்திருக்க மாட்டாய். 2020 மார்ச்சில் அது கொரோனாவுக்கு நல்லது என்று ஒரு பேச்சுக் கிளம்பி, ஒரே வாரத்தில் கும்பகோணம் கடைவீதியில் ஓர் அட்டைகூட இல்லை. 25-ம் தேதி ஏற்றுமதியைத் தடை செய்தார்கள், அதற்குள் அலமாரி காலி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆயிரம் மாத்திரை டப்பாவில் குளோரோகுயினை அள்ளி எண்ணிக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுத்தவன், அதன் தங்கச்சி மாத்திரைக்குப் பழைய அடையாள அட்டையைச் சட்டைப்பையில் குத்திக்கொண்டு டி.வி.எஸ். 50-ல் அலைந்தேன். பாபநாசம் பாலத்தில் போலீஸ்காரர் லத்தியை ஓங்கிவிட்டு, மருந்துச் சீட்டைப் பார்த்து இறக்கினார். அம்மாபேட்டை நண்பரிடம் எட்டு அட்டை கிடைத்தது. ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, பதினோராம் நாள் உன் கைக்கு வந்தது. நடுவில் மூன்று நாள் இல்லாமல் இருந்தாய் என்று பிறகுதான் சொன்னாய். நல்லவேளை, வாரக்கணக்கில் உடம்பில் தங்குகிற மருந்து. ஆனாலும் அந்த மூன்று நாளை என்னிடம் சொல்லவில்லையே.

நீ எதைத்தான் சொல்கிறாய்?

மாட்டுப் பொங்கல் அன்று சாயங்காலம் வெந்நீர் எடுத்துக்கொண்டு உன் அறைக்கு வந்தேன். கட்டிலில் மாத்திரைப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாய், ஏழு நாளுக்கு ஏழு குழி உள்ள அந்தப் பச்சைப் பெட்டி. என்னைப் பார்த்ததும் டப்பென்று மூடினாய். மூடிவிட்டு, வைங்கப்பா, ஆறட்டும் என்றாய். கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த டப் இன்னும் காதில் இருக்கிறது.

மூடுவதற்கு முன்னால் என் கண் பார்த்துவிட்டது. பார்க்க வேண்டும் என்று பார்க்கவில்லை, தொழில் புத்தி. அந்தப் பெரிய மாத்திரை, மைகோஃபினோலேட், எந்தக் குழியிலும் இல்லை. வேறொன்று இருந்தது. அதோடு ஒரு சின்ன மஞ்சள் மாத்திரை இருந்தது. அந்த மஞ்சளை இருட்டில் தடவிப் பார்த்தே சொல்லுவேன். செவ்வாய்க்கிழமை தோறும் நர்சம்மா வரிசையாக அனுப்புகிறவர்களுக்கு என் கையால் எத்தனை ஆயிரம் எண்ணிக் கொடுத்தது! அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை. இப்போதும் கேட்கவில்லை. மைகோஃபினோலேட்டை டாக்டர் மாற்றியிருந்தால் ஆறு வாரக் கணக்கையும், ஆறு மாதம் நோய் அடங்கியிருக்க வேண்டிய கணக்கையும் அவரே சொல்லியிருப்பார். நீயாக நிறுத்தியிருந்தால் மட்டும் எனக்கு இன்றைக்கே போன் பண்ணு. திட்டமாட்டேன். நீயாக நிறுத்துகிறவள் இல்லை, தெரியும். அந்தக் குணம் உங்கம்மா வழி.

இதில் உங்கம்மா வேறு. போன வாரம் திடீரென்று திருக்கருகாவூர் போக வேண்டும் என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அதற்கு முன்னால் பாடைக்காவடிப் பேச்சு. பங்குனி இரண்டாவது ஞாயிறு வருகிறது, நேர்ந்துகொண்டு ஒன்பது வருஷம் ஆகிறது, மகமாயி கடனை வைத்துக்கொண்டு அடுத்த காரியத்தில் இறங்கக்கூடாது என்கிறாள். என்ன அடுத்த காரியம் என்றேன். பேச்சை மாற்றிவிட்டாள். பங்குனி வெயிலில் அந்தக் கூட்டத்தில் உன்னைப் பாடையில் கிடத்தவிடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பிழைத்தவர்தான் படுக்க வேண்டும் என்றாள். நான் படுக்கிறேன் என்றேன். உங்களுக்கு என்ன வந்தது என்று சிரித்தாள். பூசாரியிடம் கேட்டுவிட்டு வந்து, வீட்டு ஆம்பளை படுத்தாலும் ஆகும் என்று சொல்லிவிட்டாராம். எனக்கு என்ன வந்தது என்று உங்கம்மாவுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

கயல், அந்த மன்னார்குடி விஷயம்.

2017 தை மாதம் அவர்கள் பெண் பார்க்க வருவதற்குப் பதினேழு நாள் இருந்தது. நான் ரிட்டயர் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. தினமும் காலையில் மாத்திரையை உன் உள்ளங்கையில் நான்தான் வைப்பேன். பிரெட்னிசோலோன் என்கிற ஸ்டீராய்டு 30 மில்லிகிராம், பத்து பத்தாக மூன்று. உன் முகம் உப்பி, கழுத்துக்குப் பின்னால் சதை போட்டிருந்தது. போட்டோவில் இருந்த பெண்ணும் வீட்டில் இருந்த பெண்ணும் ஒன்று என்று யாரும் நம்பமாட்டார்கள் என்று உன் பெரியப்பா சொன்னார். நான் மூன்றை இரண்டாக்கினேன். நீ கையைப் பார்த்துவிட்டு, அப்பா, இன்னிக்கு ரெண்டுதான் இருக்கு என்றாய். டாக்டர் குறைக்கச் சொல்லிட்டாரும்மா, போன்ல பேசினேன் என்றேன். நான் போனே பண்ணவில்லை. அடுத்த வாரம் இரண்டை ஒன்றாக்கினேன். நீ கேட்கவில்லை. ஊரில் எத்தனை பேருக்கு, இதைத் திடீர்னு நிறுத்தாதீங்க, குறைக்காதீங்க என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்த மாத்திரை அது. அதை என் மகளுக்கு முகம் வடிய வேண்டும் என்று குறைத்தேன். அவர்கள் வந்தார்கள், டிபன் சாப்பிட்டார்கள், பெண் லட்சணம் என்றார்கள், போனவர்கள் போனவர்கள்தான்.

மாசி பிறந்ததும் உன் கால் வீங்கியது. கொலுசு கழலவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தோம், தேங்காயெண்ணெய் போட்டுப் பார்த்தோம், கடைசியில் பத்தர் வந்து வெட்டினார். வெட்டின கொலுசு இரண்டும் பீரோவில் என் வேட்டிக்கு அடியில் இருக்கிறது. உங்கம்மா மாற்றிப் புதுசு எடுக்கலாம் என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் கேட்கிறாள், நான் கொடுக்கவில்லை.

தஞ்சாவூரில் சேர்த்த அன்று ராத்திரி, கண்ணாடி போட்ட சின்ன டாக்டர் ஒருவர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்டீராய்டு என்ன டோஸ்ல இருந்தாங்க என்று கேட்டார். நான் 30 என்றேன். நீ கட்டிலில் இருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை. அவர் 30 என்று எழுதிக்கொண்டார். சிறுநீரக பயாப்ஸியில் கிளாஸ் நாலு என்று வந்தது, கடுமையான வகை. சைக்ளோஃபாஸ்ஃபமைட் ஆறு ஊசி, இரண்டு வாரத்துக்கு ஒன்று, 500 மில்லிகிராம். மாதாமாதம் பெரிய டோஸ் போடுகிற பழைய முறை வேண்டாம், சின்னப் பெண் என்று முடிவு செய்த அந்தப் பெரிய டாக்டரம்மா நன்றாக இருக்க வேண்டும். அவர் எதைக் காப்பாற்றப் பார்த்தார் என்பது எனக்கு இந்தப் பொங்கலன்றுதான் உறைத்தது.

ஒன்பது வருஷம் ஆகிவிட்டது. நீ ஒரு தடவைகூட அதை எடுத்துப் பேசவில்லை. நீயாக ஒருவரைப் பார்த்து, முழு ஃபைலையும் அவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லி, படித்த பிறகும் அவர் உன்னைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்தில் நான் பெருமையாகத்தான் நின்றேன். என் மகள் எதையும் மறைக்காமல் கட்டிக்கொண்டாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வாய் கசந்தது. நீ பெட்டியை மூடுவதில் தப்பே இல்லை. அந்தக் கையிடமிருந்து மூடத்தான் வேண்டும்.

ஆனால் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் இத்தனை பக்கமும். அந்த 30 இன்னும் ஃபைலில் இருக்கிறது. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்குப் போனபோதும், அங்கிருந்து புனேவுக்குப் போனபோதும், ஒவ்வொரு டாக்டரும் அந்த டிஸ்சார்ஜ் சம்மரியின் இரண்டாவது வரியைப் படித்துவிட்டுத்தான் உனக்கு மருந்து எழுதியிருப்பார்கள். 30 மில்லிகிராம் உள்ளே இருக்கும்போதே சிறுநீரகத்தில் ஏறின நோய் என்றால் அது பொல்லாத நோய், இவளை எதற்கும் அனுமதிக்கக்கூடாது என்று யோசிப்பார்கள். அப்பன்காரன் 30-ஐ இரண்டு வாரத்தில் 10 ஆக்கினதால் ஏறின நோய் என்றால் அந்தக் கணக்கே வேறு. இப்போது நீ எந்த முடிவுக்கு டாக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தாலும், அவர் சரியான எண்ணைப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். நீயும் அப்பாவைக் காட்டிக்கொடுக்கக்கூடாது என்று சொல்லாமல் இருந்திருப்பாய். ஒருவேளை என்றைக்கோ சொல்லிவிட்டாயோ என்னவோ. சொல்லியிருந்தால் சந்தோஷம்.

வீட்டில் இருந்த அசல் சம்மரியை இதோடு வைத்திருக்கிறேன். ரிஜிஸ்டரில் தப்பு வந்தால் நாங்கள் அழிக்கமாட்டோம், மேலே மை பூசவும் மாட்டோம். கீழே இருப்பது தெரியும்படி ஒரே கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போடுவோம். 30-ஐ அப்படி அடித்து, 10 என்று எழுதி, எந்தத் தேதியில் எவ்வளவு குறைந்தது, யார் குறைத்தது என்பதையும் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும். உங்கம்மாவிடம் பாடைக்காவடி முடிந்த அன்று நானே சொல்லிவிடுகிறேன், அதற்கு முன்னால் நீ சொல்லவேண்டாம்.

கூடவே 2014-ல் எடுத்த ஆன்டி-ரோ என்கிற ரத்த டெஸ்ட் ரிசல்ட் ஜெராக்ஸ் இருக்கிறது. நெகட்டிவ். டாக்டர் கேட்டால் காட்டு. திரும்ப எடுக்கச் சொன்னால் எடு. எதற்கு இதைத் தேடி எடுத்து அனுப்புகிறேன் என்று என்னிடம் கேட்காதே. மூத்திரத்தில் புரதம் மாதம் ஒருமுறை பார். காலில் விரலை அழுத்திப் பார், குழி விழுந்தால் அன்றைக்கே போ. குடையை எடுத்துக்கொண்டு போ. கண் டெஸ்ட்.

உளுந்து வந்ததும் அனுப்புகிறேன். இந்தப் பார்சலில் உங்கம்மா ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்து வைத்தாள், நேற்று திருக்கருகாவூரிலிருந்து வந்த கையோடு. நான் திறந்து பார்க்கவில்லை. சாய்ந்தால் வழியும் என்று அவளே துணியில் கட்டியிருந்தாள். என் பழக்கத்துக்கு மேலே ஒரு லேபிள் ஒட்டி, நெய் என்று எழுதி, தேதி போட்டிருக்கிறேன். எப்படிச் சாப்பிடுவது என்று அவள் சொல்லுவாள்.

இப்படிக்கு
அப்பா